செஸ்னா விளம்பரத்தில் எழுதாதது

ஏப்ரல் 20, சனி

விமானத்தை விற்கப்போகிறேன் என்ற செய்தியை மனைவி மலருக்கும் மகன் ஆரூரனுக்கும் மட்டும்தான் சொல்லியிருந்தேன். இன்று முழு விமானத்தளத்துக்கும் சொல்லிவிட்டேன், எனக்கே தெரியாமல்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க உள்ளே ஏறியிருந்தேன். எடுப்பாக இருக்கட்டும் என்று ஆரூரனின் ஹெட்போனைத் தலையில் மாட்டி, பற்றரியைப் பார்க்க ரேடியோவையும் போட்டேன். கமரா பின்னால் விழுந்தது. அதை எட்டி எடுக்கும்போது ஸ்டியரிங்கில் இருக்கிற பேசும் பொத்தானை என் வயிறு அமத்திவிட்டது. நான் பாட்டுக்கு விமானத்தோடு கதைத்துக்கொண்டிருந்தேன். "குறை நினையாதை ராசாத்தி. நல்ல இடமாப் பாத்துத்தான் குடுப்பன்" என்றெல்லாம். கண்ணும் கொஞ்சம் கலங்கியது.

எங்கள் தளத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் பொத்தானை அமத்தியிருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க முடியாது. நாலு நிமிடம் வானமும் தரையும் என் குரலைத்தான் கேட்டிருக்கின்றன. பக்கத்துக் கொட்டகை பொப் வந்து கண்ணாடியில் தட்டி, யாரோடு சண்டை என்று கேட்டான். விமானத்தோடு என்றேன். யார் வென்றது என்று கேட்டான்.

இது முதல் தரமுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பெற்றோல் பம்புக்கு உருட்டிக்கொண்டு போகும்போது ரேடியோவில் நான் பேசிய ஆங்கிலத்தை இங்கே உள்ளவர்கள் ஒரு மாதம் எனக்கே திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானில் விரல் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணினேன். வயிறு பண்ணவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

விளம்பரம் எழுதினேன். ஓ.எல். பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் கோட்டை விட்டு, முப்பது வருடம் கார் கராஜில் நெளிவெடுத்தவன் எழுதுகிற ஆங்கிலம் எப்படி இருக்கும். "செஸ்னா, 1969, ஒரு இயந்திரம், இரண்டு இருக்கை. சொந்தக்காரரே திருத்தியது."

திருத்தியது என்ற ஒரு சொல்லுக்குள் எட்டு மாரிகாலம் கிடக்கிறது. ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டிலில், இறக்கை வேறு உடல் வேறாகக் கிடந்ததை வாங்கினேன். இயந்திரத்துக்கு மேல் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆரூரனுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் கை போகாத இடத்துக்குள் அவன் கை போகும். அவன் உள்ளே பிடிக்க, நான் வெளியே ஆணி அறைந்தேன். கடைசியில் பறக்கக் கற்றுக்கொண்டது அவன்தான். நான் எழுத்துப் பரீட்சையில் மூன்று தரம் தோற்று, தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிற உத்தியோகத்தை எடுத்துக்கொண்டேன்.

படிவத்தில் "விற்கும் காரணம்" என்று ஒரு கட்டம். முழங்கால் வலி என்று போட்டேன். மலர் எட்டிப் பார்த்தாள்.

"நீங்கள் முழங்காலாலேயே பிளேன் ஓட்டினனீங்கள்?"

பிறகு இடியப்பம் பிழிந்தேன். அவளுடைய வலது மணிக்கட்டு ஒக்ரோபரில் முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது, ஆனால் உரலைத் திருக இன்னும் பலமில்லை. என் இடியப்பம் கயிறு மாதிரி வருகிறது. யாரும் குறை சொல்வதில்லை. இந்த வீட்டில் இப்போது யாரும் எதையும் சொல்வதில்லை.

பழத்தட்டுக்குக் கீழே ஒரு கடிதம் கிடக்கிறது. ஆரூரன் படித்த பறப்புப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பயிற்றுநர் வகுப்பில் அவனுக்கான இடத்தை மே 31 வரைக்கும் வைத்திருப்பார்களாம். அவன் அதை வாசித்துவிட்டு வாழைப்பழத்தை அதற்கு மேல் வைத்தான். களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 27, சனி

மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவருக்கு உதிரிப்பாகம் மட்டும் வேண்டும். ஒருவர் தன்னுடைய சாப்பாட்டுக்கடைக் கூரையில் வைக்கக் கேட்டார். மூன்றாமவர் நம்மவர், கல்யாண மண்டபம் நடத்துகிறார். இறக்கையைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் உருட்டினால், மாப்பிள்ளை பொம்பிளை அதிலிருந்து இறங்கி வரலாமாம். "ஹெலிகொப்டர் எல்லாரும் செய்துபோட்டினம் அண்ணை. இது புதுசா இருக்கும்" என்றார். எட்டு மாரிகாலம் என் விரலெல்லாம் கிழிந்தது, புகைக்குள் யாரோ சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கவா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஆரூரனிடம் இதைப் பகிடியாகச் சொன்னேன். சிரித்தான். ஒக்ரோபருக்குப் பிறகு அவன் சிரிப்பது வேறு யாரோ சிரிப்பதைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது.

மே 4, சனி

லொறெய்ன் என்றொரு பெண் வடக்கிலிருந்து வந்தார். அறுபது வயதிருக்கும். மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். பண்ணைக்குப் பண்ணை பறந்து போக விமானம் தேடுகிறார். விமானத்தைத் திரும்பியும் பார்க்காமல், முதலில் பதிவேட்டைக் கேட்டார். பறந்த ஒவ்வொரு பறப்பும், கழற்றிய ஒவ்வொரு ஆணியும் எழுதிய புத்தகம். விமானம் கைமாறினால் அதுவும் கூடவே போகும். கதிரையில் இருந்து கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு தாளாக வாசித்தார். நான் நாலு தரம் கோப்பி வேண்டுமா என்று கேட்டேன்.

ஒக்ரோபர் 22இல் விரல் நின்றது. "மூக்குச் சக்கரத்தின் கால் வளைந்தது. காரணம்: விமானியின் கணிப்புப் பிழை." கீழே என்னுடைய கையெழுத்து, அதற்குக் கீழே ஆரூரனுடையது.

விமானி என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அன்று என் மகன் தாயை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு போனான். ஏறின கையோடு வேகமுள் விழுந்துவிட்டது, உயரமுள் அசையவில்லை என்றான். வேகம் குறைந்து விழப்போகிறோம் என்று நினைத்து மூக்கைக் கீழே குத்தி, இறங்கும்போதும் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் வந்து அடித்தான். மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது.

முள் எப்படி இருந்தது என்று கேட்டார்.

அன்று பின்னேரமே சோதித்தேன், நன்றாக வேலை செய்தது என்றேன். அது உண்மை.

கண்ணாடிக்கு மேலால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாட்டின் வாயைத் திறந்து பார்க்கும்போதும் இப்படித்தான் பார்ப்பாராக்கும். பதினெட்டாம் திகதி தன் மெக்கானிக்கோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 5, ஞாயிறு

மழை. புல் வெட்டவில்லை.

மே 9, வியாழன்

ஒன்றை எழுதிவைக்க வேண்டும்.

போன ஒக்ரோபரில் விமானத்துக்கு ஆயுதபூசை செய்தோம். கனடாவில் நல்ல நாளெல்லாம் சனிக்கிழமையில்தான் வரும். எங்களுக்கும் சனிக்கிழமைதான் வந்தது. காரென்றால் கோயிலுக்குக் கொண்டுபோகலாம். இதற்கு ஐயரைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. வேட்டிக்கு மேல் பனிச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பெற்றோல் மணத்தைக் கண்டதும் கற்பூரத்தை வெளியே புல்லில் வைத்துக் கொளுத்தினார். சக்கரத்துக்குக் கீழே வைக்க வழக்கம்போல நாலு எலுமிச்சம்பழம் வாங்கிப் போயிருந்தேன். மூன்றை வைத்துவிட்டு நாலாவது சக்கரம் எங்கே என்று தேடினார்.

மலர் சந்தனம் குழைத்துக்கொண்டு சுற்றிவந்து பொட்டு வைத்தாள். மூக்கில், கதவில், சக்கரத்தில். கதவுக்கு முன்னால் இடப்பக்கம் காசளவில் ஒரு வட்டத் தகடு உண்டு. அதன் நடுவில் ஊசித்துளை. வெளிக்காற்று அதற்குள்ளால் போய்த்தான் வேகமுள்ளும் உயரமுள்ளும் வேலை செய்யும். அதிலும் ஒரு பொட்டு.

அடுத்த நாள் காலை ஆரூரன் பறக்க முன் எல்லாப் பொட்டையும் ஈரத்துணியால் நான்தான் துடைத்தேன். துடைத்தாயிற்றா என்று கேட்டான். ஓம் என்றேன். அவனும் சுற்றிவந்து பார்த்தான். விமானமும் சந்தன நிறம், வெளியில் ஒன்றும் தெரியவில்லை.

அன்று பின்னேரம் மலரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் மட்டும் கொட்டகைக்குத் திரும்பினேன். துளையை ஊசியால் கிண்டினேன். மஞ்சளாக வந்தது. மணத்தது. அதற்குப் பிறகுதான் முள்ளைச் சோதித்தேன்.

மலருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள். தன் கையால் பிள்ளையை விழுத்தினேன் என்று நினைப்பாள். அவளுக்காகத்தான் சொல்லவில்லை. அவளுக்காகத்தான்.

மே 10, வெள்ளி

நேற்று எழுதியதை வாசித்தேன். "அவளுக்காகத்தான்" என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். ஆரூரன் பூ வாங்கிவந்து, மலரின் இடது கையில் கொடுத்தான். வலது கையை அவன் பார்ப்பதில்லை.

சாப்பிடும்போது மலர் கடிதத்தைப் பற்றிக் கேட்டாள். போகப்போவதில்லை என்றான். ஏன் என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"நல்லா இருந்த முள்ளு எனக்கு விழுந்த மாதிரித் தெரிஞ்சிருக்கு, அம்மா. இல்லாததைக் காணுற கண்ணை வைச்சுக்கொண்டு நான் ஆருக்குப் பழக்கிறது?"

மலர் என் பக்கம் திரும்பினாள். "நானும் பக்கத்திலதானே இருந்தனான். எனக்கும் அது விழுந்த மாதிரித்தான் கிடந்தது. ஆனா எனக்கு உந்த முள்ளுகளைப் பற்றி என்ன தெரியும்? நீங்கள்தானே பாத்துச் சொன்னனீங்கள்."

ஓம், நான்தான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொதி கேட்டு வாங்கினேன்.

மே 18, சனி

லொறெய்னும் மெக்கானிக்கும் வந்தார்கள். இயந்திர மூடியைக் கழற்ற ஆள் தேவைப்பட்டதால் ஆரூரனையும் கூட்டிக்கொண்டு போனேன். போன கோடைக்குப் பிறகு அவனும் நானும் ஒன்றாக ஸ்பானர் பிடித்தது இன்றுதான். கேட்க முதல் எடுத்து நீட்டினான். எது எத்தனையாம் இலக்கமென்று அவன் கை மறக்கவில்லை.

மெக்கானிக் இயந்திரத்துக்குள் தலையை விட்டிருக்க, லொறெய்ன் அந்த வட்டத் தகட்டைக் கழற்றச் சொன்னார். முள்ளைப் பற்றிய கதையை அவர் மறக்கவில்லை. தகட்டின் பின்விளிம்பில், நான் ஊசி விட்டு எடுக்க முடியாத இடத்தில், மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி, இது என்ன என்று கேட்டார்.

மெழுகு என்றேன். பொலிஷ் பண்ணின மெழுகு.

ஆரூரன் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். பிறகு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். துணியால் துடைத்து லொறெய்னிடம் கொடுத்தான்.

திரும்பும் வழியில் கோப்பிக்கு நிறுத்தினோம். காருக்குள் இருந்தே குடித்தோம். அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அது சந்தனம், அப்பா."

"ம்."

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. தாங்கமாட்டா."

நான் தலையாட்டினேன். ஏழு மாதம் குனிந்து திரிந்த பிள்ளை, காரணம் தெரிந்த முதல் நிமிடத்தில் தாயைத்தான் நினைத்தான். பிறகு கேட்டான்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

கோப்பி சுட்டது. "இண்டைக்குத்தான்" என்றேன்.

மே 19, ஞாயிறு

இன்றும் ஒன்றை எழுத வேண்டும். ஒன்பதாம் திகதி எழுதியதில் ஒரு வரி குறைகிறது.

மலர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்தத் தகட்டுக்கு முன்னால் நின்றாள். "இஞ்சேருங்கோ, இதிலயும் வைக்கலாமோ?" என்று என்னைக் கேட்டாள். அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டியவன் நான். அது என்னவென்று இந்த வீட்டில் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவன். மற்றவன் ஆரூரன், வெளியே புல்லில் கற்பூரத்துக்குக் காவல் நின்றான். ஐயரும் பொப்பும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்கள் நின்றால் என் வாய் சும்மா இருக்காது.

"வையும், வையும். கொம்பனிக்காரன் பொட்டு வைக்கவெண்டுதான் அதில வட்டம் போட்டு விட்டிருக்கிறான்" என்றேன்.

ஐயர் சிரித்தார். தமிழ் விளங்காத பொப்பும் சேர்ந்து சிரித்தான். மலரும் சிரித்துக்கொண்டு, விரலால் அமத்தி வடிவாக வைத்தாள்.

மே 20, திங்கள்

விடுமுறை. மலர் பக்கத்து வீட்டுக்காரியோடு நாற்று வாங்கப் போயிருந்தாள். பதிவேட்டை எடுத்துவைத்து, ஒக்ரோபர் 22க்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் எழுதினேன். மூன்று மணி நேரம் எடுத்தது. சந்தனம் என்பதற்கு ஆங்கிலத்தை எழுத்துப் பிழையில்லாமல் எழுத வேண்டுமென்று குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்துக்கொண்டேன்.

"திருத்தம். வேகமுள்ளின் காற்றுத்துளை சந்தனத்தால் அடைபட்டிருந்தது. வைக்கச் சொன்னவர் விமானத்தின் சொந்தக்காரர். சரியாகத் துடைக்காதவரும் அவரே. விபத்து நடந்த அன்றே கண்டுபிடித்துச் சுத்தம் செய்துவிட்டு மறைத்தார். விமானி பார்த்தது சரி. விமானியில் பிழையில்லை."

கையெழுத்து வைத்தேன். மேசை சவர்க்காரம் மணத்தது.

மே 21, செவ்வாய்

பின்னேரச் சாப்பாட்டுக்கு முன் பதிவேட்டை விரித்து ஆரூரனுக்கு முன்னால் வைத்தேன். அவன் வாசித்தான். இரண்டாம் தரமும் வாசித்தான். பிறகு தாய்க்குத் தமிழில் சொன்னான். ஒரு சொல்லையும் விடவில்லை, கூட்டவும் இல்லை.

மலர் முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். "நான் கேட்டனான்தானே, வைக்கலாமோ எண்டு" என்றாள்.

ஓம் என்றேன்.

எழும்பிப் போய் அடுப்பை நிப்பாட்டினாள். திரும்பி வரவில்லை.

ஆரூரன் பதிவேட்டை மூடினான். "ஏழு மாசம், அப்பா" என்றான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். காரில் எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவன் கதைக்கு எடுக்கவில்லை. எடுக்காமலே கீழே தன் அறைக்குப் போனான்.

மே 22, புதன்

இடியப்பம் பிழிந்தேன். சாப்பிட்டார்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

மே 24, வெள்ளி

மலர் முதல்முறையாக வாய் திறந்து, நாளைக்கு விமானத்தைக் கொடுக்க எத்தனை மணிக்குப் போகிறோம் என்று கேட்டாள். தானும் வருவாளாம். பழத்தட்டைக் கழுவ எடுத்தேன். கீழே கடிதம் இல்லை. குப்பையிலும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

மே 25, சனி

லொறெய்ன் காசோலையை வெளியே எடுக்காமல் முதலில் பதிவேட்டைத்தான் கேட்டார். திருத்தத்தை வாசித்தார். விலையைக் குறைப்பார், இல்லாவிட்டால் காரில் ஏறிப் போய்விடுவார் என்று நின்றேன். துளையை எதனால் சுத்தம் செய்தாய் என்று கேட்டார். ஊசி என்றேன். அதற்குள் ஊசி விடக்கூடாது, துளை பெருத்துவிடும் என்று ஏசினார். பிறகு, சந்தனம் வைத்தது என்ன நோய்க்கு என்று கேட்டார். கண்ணூறுக்கு என்றாள் மலர். ஆரூரன் அதை மொழிபெயர்க்கக் கஷ்டப்பட்டான். அவன் கஷ்டத்தைப் பார்த்து மலருக்குச் சிரிப்பு வந்தது.

வடக்கே கொண்டுபோக முன், இந்த விமானத்தை அறிந்த ஒருவரோடு ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்றார் லொறெய்ன். ஆரூரனைப் பார்த்துத்தான் சொன்னார். அவன் தாயைப் பார்த்தான். மலர், போ என்று முறிந்த கையால் சைகை காட்டினாள்.

அவன் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தது இருபது நிமிடம். வட்டத் தகட்டுக்கு முன்னால் குந்தி, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தான். ஏற முன் கைரேடியோவை என்னிடம் நீட்டினான். "பிடியுங்கோ."

ஓடி, எழும்பி, மரங்களுக்கு மேலால் போனது. எட்டு மாரிகாலம். ரேடியோவில் அவன் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டு வந்தான். பிறகு, முழுத் தளமும் கேட்க, தமிழில்:

"அப்பா, முள்ளு ரெண்டும் சரி."

பொப் தன் கொட்டகை வாசலிலிருந்து என்னைப் பார்த்தான். நான் பெருவிரலால் பொத்தானை அமத்தி, "ஓம் தம்பி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

பூப்போல இறக்கினான். பின்னேரம் லொறெய்ன் வடக்கே பறந்தார். பதிவேடும் அவரோடு போய்விட்டது. கொட்டகையைக் கூட்டினோம். மூலையில் காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. சக்கரம் இல்லாத நாலாவது. மலர் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். எல்லாம் எழுதி முடிந்தது என்று அவள் நினைக்கிறாள். ஆரூரனும் அப்படித்தான் நினைக்கிறான். வரும் வழியில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் போட்டுவிட்டதாகச் சொன்னான்.

எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது.

ஒக்ரோபர் 22இலும் இதே ரேடியோ என் கையில்தான் இருந்தது. "அப்பா, முள்ளு விழுந்திட்டுது" என்று அவன் மேலிருந்து கூப்பிட்டான். பின்னேரம் ஊசி விட்டுத்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறேன். இல்லை. அவன் கூப்பிட்ட அந்தக் கணமே, காலையில் பொட்டுத் துடைத்த துணியில் இருந்த மஞ்சள் என் கண்ணுக்குள் வந்தது. பொப் பக்கத்தில் நின்றான். இன்னும் மூன்று விமானங்கள் அலைவரிசையில் இருந்தன. முழுத் தளமும் கேட்கும், திரும்பவும் ஒரு மாதம் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். என் பெருவிரல் பொத்தானில் இருந்தது. "அப்பா" என்று இரண்டாம் தரமும் கூப்பிட்டான். அவன் இறங்கிவந்து அடிக்கும் வரைக்கும் எனக்கு முழுதாக மூன்று நிமிடம் இருந்தது. சொல்லவேண்டியதும் பெரிய ஆங்கிலமில்லை, தமிழே போதும்:

தம்பி, முள்ளைப் பாராதை. அது சந்தனம்.